பத்திலிருந்து பதினொன்றுக்கு

தேயிலைத் தோட்டத்துக்குத் துரையின் சட்டம். பத்தாம் நம்பர் லயத்துக்கு, அந்த ஒரு வரிசை வீடுகளுக்கு மட்டும், ராக்காயியின் சட்டம். அதுவும் ஒரே ஒரு சட்டம்தான்: இடி முழங்கினால் மெயினை இறக்க வேண்டும்.

லயத்தின் கோடிக் காம்பராவில், அந்தக் கடைசி வீட்டில்தான், கரண்டு வந்து இறங்கும் இரும்புப் பெட்டி இருந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைக் கீழே தள்ளினால் லயம் முழுக்க இருட்டு. அந்தக் காம்பராவில் குடியிருப்பவள் ராக்காயி. வானம் எங்கோ தலவாக்கலைக்கு அந்தப் பக்கம் உறுமினால் போதும், முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கைப்பிடியை இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். டிவியில் கதாநாயகி கழுத்தில் தாலி ஏறுகிற நேரமா, கிரிக்கெட்டில் கடைசி ஓவரா, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். பக்கத்துக் காம்பரா வீரய்யா மட்டும், "கரண்டு போர்டு பெரியவருக்குக்கூட இந்தளவுக்கு அதிகாரம் இல்லப்பா" என்று முனகுவான். முனகுவதோடு சரி. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசி மாலையில், சார்ஜில் கிடந்த போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்த அவளுடைய ஒரே மகன் ஜீவராஜை இடி கொண்டுபோனது. கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. மருமகள் நிஷாந்தி அப்போது அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். காரியம் முடிந்ததும் அவள் தன் ஆட்களோடு போய்விடுவாள் என்று லயமே எதிர்பார்த்தது. பதினோராம் நம்பர் லயத்தில் அவளுடைய கூடப்பிறந்த அக்கா பிரியந்தி இருக்கிறாள். அங்கே ஒரு காம்பரா சும்மாவும் கிடக்கிறது. நிஷாந்தி போகவில்லை. ஏன் போகவில்லை என்று ராக்காயி கேட்டதுமில்லை. கேட்டு வைத்து, அதனாலேயே அந்தப் பிள்ளைக்குப் போகிற எண்ணம் வந்துவிட்டால்? கிடைத்த வரம் வாய்க்குள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்படி இருந்த வீட்டில்தான் ஒரு வியாழக்கிழமை சாயந்தரம் குண்டு விழுந்தது. ராக்காயி பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுப் பின்பக்கமாக வந்து, பீலியிலிருந்து கொட்டும் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே நிஷாந்தி போனில் பேசுவது கேட்டது.

"ஆமாங்கண்ணே, பத்துல இருந்தா இனிமே ஆகாதாம். பதினொண்ணுக்கு மாறியே ஆகணுமாம். பழசுதான். எவ்வளவு நாளைக்குத்தான் அந்தப் பழச வச்சிக்கிட்டு மாரடிக்கிறது? ஞாயித்துக்கெழம மாத்திர்றேன். இல்லண்ணே, மாமிகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா பயந்துக்குவாங்க."

ராக்காயியின் கையிலிருந்த சவர்க்காரம் வழுக்கி வடிகானில் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

கதை கேட்கிறவர்களுக்கு உண்மையை இப்போதே சொல்லிவிடுவதுதான் நியாயம். நிஷாந்தி பேசியது லேப்டாப்பைப் பற்றி. தலவாக்கலையில் அவள் வேலை பார்த்த போட்டோகொப்பிக் கடையை மூடிவிட்டார்கள். கொழும்பில் ஒரு கம்பனி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகத் தமிழ் ஆட்களுக்குப் பதில் சொல்கிற வேலைக்கு ஆள் கேட்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் அதற்குப் பரீட்சை. ஆனால் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் பத்து. பத்தின் காலம் முடிந்தது, பதினொன்று இல்லாமல் பரீட்சையே திறக்காது என்று கம்பனி சொல்லிவிட்டது. அதைத்தான் அவள் ஹட்டனில் கம்ப்யூட்டர் திருத்தும் சிவரூபனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் இன்னொன்று காத்திருந்தது. வெள்ளவத்தையில் ஒரு சாரிக்கடை, தங்க ஹொஸ்டல். வருகிறாயா இல்லையா என்று அவர்களுக்கும் திங்கட்கிழமைதான் பதில் சொல்ல வேண்டும். மாமியைத் தனியே விட்டுவிட்டுப் போவது எப்படி என்று அந்தப் பிள்ளை இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

ராக்காயிக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பத்து என்றால் பத்தாம் நம்பர் லயம், பதினொன்று என்றால் பதினோராம் நம்பர் லயம். வேறு என்ன பத்து, வேறு என்ன பதினொன்று? கோயிலைத் தாண்டிப் படி ஏறினால் பதினொன்று. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனால் அடுப்பு வேறு, விளக்கு வேறு, கதவைச் சாத்தினால் உள்ளே ஒற்றை ஆள் என்று ஆகிவிட்டால் அது எந்தத் தூரத்தில் சேரும்?

போவதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். சின்னப் பிள்ளை, அதற்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா? நெஞ்சில் தைத்தது அந்த ஒரு சொல். பழசு. அந்தப் பழசை வைத்துக்கொண்டு மாரடிக்கிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்? வெள்ளிக்கிழமை நிஷாந்தி அலுமாரியை ஒழுங்குபடுத்தினாள்; மூட்டை கட்டுகிறாள் என்று ராக்காயி நினைத்தாள். சனிக்கிழமை ஹட்டனுக்குப் போய்வந்தாள். யாரோ அதிகாரியைப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று நினைத்தாள். அன்று மாலை பிரியந்தி கோயிலுக்கு வந்தவள் வாசலில் நின்று, "என்னாடி, நாளைக்குத்தானே பதினொண்ணுக்கு மாத்துற? நல்லபடியா முடிஞ்சா புள்ளையாருக்கு ஒரு தேங்கா ஒடச்சிரு" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அக்காவும் தங்கச்சியும் கூட்டுச் சேர்ந்தாயிற்று.

"என்னா மாமி, ரெண்டு மூணு நாளா மொகமே சரியில்லையே. ஒடம்புக்கு முடியலையா?" என்று நிஷாந்தி கேட்டாள்.

"எனக்கென்ன கேடு. நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, ராக்காயி தட்டிலிருந்த சோற்றைத் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தாள்.

நேராகக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் கேட்டால் "ஆமா மாமி" என்று சொல்லிவிடுவாளே. அந்த இரண்டு சொல்லைக் கேட்பதற்கு அவளுக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரண்டே இல்லை. பெரிய ரோட்டில் வயர்மேல் சாய்ந்த மரத்தை வெட்டுகிறார்களாம். நிஷாந்தி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். மத்தியானம் தாண்டித்தான் பல்பு எரிந்தது. எரிந்த கையோடு உள்காம்பராவில் டிரங்குப் பெட்டியின்மேல் லேப்டாப்பை வைத்து, வயரைச் சுவரில் செருகி, ஹட்டனில் வாங்கிவந்த பெண்டிரைவைப் பக்கத்தில் குத்தினாள். போனை ஸ்பீக்கரில் போட்டுச் சிவரூபனைக் கூப்பிட்டாள். அந்த மனுஷன் யாழ்ப்பாணத்து ஆள். பேச்சு நிதானமாக வந்தது.

"இந்த மொடலுக்குப் பதினொண்டு ஏறாது எண்டுதான் சொல்லுவினம், தங்கச்சி. நான் அதுக்கு ஒரு வழி செய்துதான் தந்திருக்கிறன், பயப்படாதேங்கோ. ஆனா ஒரு விசயம். உங்கட பற்றரி செத்துப் போச்சு. வயரிலதான் அது உயிரோட நிக்குது. இடையில கரண்ட் நிண்டால் பேந்து அது திறக்காது. என்னட்டைக் கொண்டுவந்தாலும் நாளையான் சோதினைக்குச் சரிவராது. விளங்குதே?"

"விளங்குது அண்ணே" என்றாள் நிஷாந்தி.

அடுப்படியிலிருந்த ராக்காயிக்கு யாழ்ப்பாணப் பேச்சு பாதிதான் பிடிபட்டது. பதினொன்று என்பதும் கரண்டு என்பதும் தெளிவாகக் கேட்டன.

நிஷாந்தி எழுந்து வந்து அவள் எதிரே குந்தினாள். "மாமி, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும். நாலஞ்சு நாளா சொல்லணும்னு நெனச்சேன். இன்னிக்குப் பத்துலேருந்து பதினொண்ணுக்கு மாத்துறேன். முடியிற வரைக்கும் கரண்டு நிக்கக் கூடாது. நடுவுல நின்னுச்சுன்னா பத்தும் இல்ல, பதினொண்ணும் இல்ல. நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்."

"அந்தப் பொட்டியிலதான் மாறுறதா?" என்று ராக்காயி கேட்டாள்.

"ஆமா மாமி. எல்லாம் அதுக்குள்ளதான் நடக்குது."

ராக்காயிக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. பெற்றோல் அடிக்கவே போனில் கட்டம் கட்டமாக ஒரு படத்தைக் காட்டச் சொன்ன நாடு. வீடு மாற மட்டும் பெட்டி கேட்காதா? இந்தப் பெட்டியில் ஏதோ எழுதிப் போட்டால் அங்கே ஆபீஸில் பதினோராம் நம்பர் லயத்துக் காம்பராவை இவள் பேரில் மாற்றிவிடுவார்கள். நடுவில் கரண்டு நின்றால் மாறாது. அப்படித்தான் அவள் விளங்கிக்கொண்டாள். விளங்கியதும் அவள் கண் தன்னையறியாமல் சுவரிலிருந்த இரும்புப் பெட்டிக்குப் போனது.

"எப்ப முடியும்?"

"இந்தா, இந்த நம்பர் நூறுக்கு வரணும். அதுக்கப்புறம் அதுவே அணைஞ்சி அணைஞ்சி எரியும். மலையும் தண்ணியுமா ஒரு படம் வரும் மாமி. அதுவரைக்கும் பொறுக்கணும்."

நம்பர் படிக்க ராக்காயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்துத் தராசின் முள்ளைத் தினமும் கண்கொட்டாமல் பார்க்கிறவள். அடுப்படிக்கும் உள்காம்பராவுக்கும் நடுவில் உட்கார்ந்து, அந்த வெளிச்சப் பலகையில் நம்பர் ஏறுவதைப் பார்த்தாள். பன்னிரண்டு. பத்தொன்பது. இருபத்துநாலு. ஒவ்வொரு நம்பரும் கோயில் படியில் ஒரு படி. அந்தப் பிள்ளை கையில் குடத்தோடு ஏறிப் போகிறாள், திரும்பிப் பார்க்கவில்லை. முப்பத்தொன்று.

வெளியே வெயில் மங்கியது. காற்று விழுந்து, தேயிலையில் ஓர் இலைகூட அசையவில்லை. ஐப்பசி வானத்தின் குணம் மலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். காலையில் கல்யாண மாப்பிள்ளை மாதிரிச் சிரிக்கும், சாயந்தரம் மாமனார் வீட்டுச் சண்டையைத் தொடங்கிவிடும். எதிர்மலை உச்சியில் கறுப்பு இறங்கிக்கொண்டிருந்தது.

"மாமி, மழ வருமோ?" என்றாள் நிஷாந்தி.

"வந்தா வரட்டும்" என்றாள் ராக்காயி.

நாற்பத்தெட்டில் நம்பர் நின்றுவிட்டது. நகரவே இல்லை. நிஷாந்தி விரலைக் கடித்தாள். லேப்டாப்புக்குள் காற்றாடி கரகரவென்று சுற்றியது. ராக்காயியின் நெஞ்சுக்குள் ஒரு கேடுகெட்ட சந்தோஷம் தலைதூக்கியது: நிற்கட்டும், அப்படியே நிற்கட்டும். அடுத்த கணமே, ஐயோ, பிள்ளை முகம் செத்துப் போயிருக்கிறதே என்று தன்னையே வைதுகொண்டாள். இரண்டு பக்கமும் தீப்பிடித்த கொள்ளியில் அகப்பட்ட எறும்பு அவள். நாற்பத்தொன்பது என்று நம்பர் மாறியபோது இருவரும் மூச்சு விட்டார்கள். ஒருத்தியின் மூச்சுக்கு ஓர் அர்த்தம், மற்றவளின் மூச்சுக்கு வேறு அர்த்தம்.

அப்போது வானம் உறுமியது.

தூரத்து உறுமல்தான். ஆனால் ராக்காயியின் உடம்பு அதற்குப் பழகியிருந்தது. மூளைக்கு எட்டுவதற்கு முன்னே கால் எழுந்துவிட்டது. முக்காலி இழுபட்ட சத்தம் கேட்டது. ஏறிவிட்டாள். கை கைப்பிடியைப் பிடித்துவிட்டது. இரும்பு சில்லென்றிருந்தது.

அங்கேதான் கை நின்றது.

இறக்கலாம். இறக்கினால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? மூன்று வருஷமாக இறக்குகிறவள்தானே. இடிக்குப் பயந்து இறக்கினேன் என்றால் லயம் ஒப்புக்கொள்ளும், பிரியந்தி ஒப்புக்கொள்வாள், நிஷாந்திகூட வாயைத் திறக்க மாட்டாள். பொய்யும் இல்லையே. அந்தப் பிள்ளை வயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஜீவராஜ் நின்ற அதே சுவர். பயம் நிஜம். ஆனால் பயத்துக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொண்டிருந்தது என்பது ராக்காயிக்குத் தெரியும். கைப்பிடி இறங்கினால் பிள்ளை பத்திலேயே இருப்பாள். ஓர் அழுத்து அழுத்தினால் போதும்.

மறுபடியும் உறுமியது. இந்த முறை கிட்டத்தில்.

நிஷாந்தி உள்காம்பரா வாசலில் வந்து நின்றாள். முக்காலியில் நின்ற மாமியையும் கைப்பிடியில் இருந்த கையையும் பார்த்தாள். ஓடிவந்து காலைப் பிடிப்பாள், கெஞ்சுவாள் என்று ராக்காயி எதிர்பார்த்தாள். கெஞ்சியிருந்தால் ஒருவேளை இறக்கியிருப்பாள்; மனித மனசு அப்படிப்பட்டதுதான்.

நிஷாந்தி கெஞ்சவில்லை. "பயமா இருந்தா எறக்கிருங்க மாமி" என்றாள். கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் உடையவில்லை. "நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன். ஒங்க பயம் எனக்குத் தெரியாதா? நானும் அந்த அடுப்படியிலதானே நின்னேன்."

ராக்காயிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. பாவி மகள், திட்டியிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும். என்றைக்கோ தன் ஆட்களோடு போயிருக்க வேண்டிய பிள்ளை, மூன்று வருஷமாக மாமியின் பயத்தையும் சேர்த்துச் சுமந்திருக்கிறது. அதன் காலைக் கட்டிப்போடவா இந்தக் கை?

அவள் கையை எடுத்தாள்.

"அந்த வயர்கிட்டப் போகாத. இங்கிட்டு வந்து வாசப்படியில ஒக்காரு. பொட்டி அதுபாட்டுக்கு ஓடட்டும்" என்றாள்.

"மாமி..."

"சொன்னதச் செய்யி."

மின்னல் லயத்து வாசலை வெள்ளையடித்தது. பின்னாலேயே இடி. தகரக் கூரை அதிர்ந்தது. இதற்குள் கரண்டு போயிருக்க வேண்டுமே, போகவில்லையே என்று லயம் திகைத்துப் போனது. அங்கங்கே கதவு திறந்தது. வீரய்யா ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான்.

"என்னாக்கா, மெயினு எறங்கல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா? நகருங்க, நான் எறக்குறேன்."

ராக்காயி முக்காலியிலிருந்து இறங்கி, இரும்புப் பெட்டிக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"இன்னிக்கி எறக்குறதில்ல."

வீரய்யா தன் காதையே நம்பவில்லை. "நெசமாத்தான் சொல்றீங்களா? மூணு வருசமா ஒரு நாடகத்த முழுசா பாக்க விட்டதில்ல நீங்க. சட்டம் போட்டதே நீங்கதானே?"

"போட்டவதான் சொல்றேன். டிவி வயரப் புடுங்கி வையி. எல்லாரையும் புடுங்கச் சொல்லு. போன யாரும் சார்ஜுல போடக் கூடாது. மெயினுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது."

"ஒங்க வீட்டு வேலைக்கு எங்க தலையில இடி விழணுமாக்கா?"

அந்த வார்த்தையை அவன் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன உடனே அவனுக்கே உறைத்தது, தலையைக் குனிந்துகொண்டான். ராக்காயி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இடி எப்படி விழும்னு இந்த லயத்துல என்னவிட யாருக்கும் தெரியாது தம்பி. போயி வயரப் புடுங்கு" என்றாள்.

அவன் போனான். காம்பராவுக்குக் காம்பரா அவன் குரல் கொடுத்துக்கொண்டு ஓடுவது மழைச் சத்தத்துக்குள் கேட்டது.

மழை இறங்கிவிட்டது. மாமியும் மருமகளும் வாசற்படியில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மின்னலுக்கும் ராக்காயி கண்ணை மூடி, நிஷாந்தியின் தலையைத் தன் மடிக்குள் அமுக்கினாள். முருகா என்றுகூட வாயில் வரவில்லை. பல் கிட்டிப் போயிருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்திய அந்த வாடை, கருகிய வாடை, மூக்கில் ஏறியது. எழுந்து ஓடிப் போய் அந்தக் கைப்பிடியை இறக்கு, இறக்கு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. அவள் தன் வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன?" என்று கேட்டாள், கண்ணைத் திறக்காமலே.

"எழுவத்தேழு."

பல்பு ஒருமுறை மங்கிச் சிவந்தது. நிஷாந்தி விறைத்துப்போனாள். பல்பு மறுபடியும் தெளிந்தது. லேப்டாப்பின் காற்றாடி நிற்கவில்லை.

நூறு வந்தது. உடனே திரை கறுத்தது. ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. நிஷாந்தி எழப் போனாள். ராக்காயி அவள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். கறுப்புத் திரை கறுப்பாகவே இருந்தது. அவ்வளவுதான், போயிற்று என்று நிஷாந்தியின் உதடு முணுமுணுத்தது. பிறகு நடுவில் சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கின. மறுபடியும் நம்பர். மறுபடியும் கறுப்பு. எதிர்மலையில் எங்கோ ஒரு மரம் பிளந்த சத்தம் கேட்டது. மறுபடியும் புள்ளிகள்.

மழை கொஞ்சம் தளர்ந்து, இடி இறம்பொடைப் பக்கமாக நகர்ந்தபோது, உள்காம்பராச் சுவரில் நீல வெளிச்சம் விழுந்தது. மலையும் தண்ணீருமாக ஒரு படம். நிஷாந்தி தவழ்ந்தே போய்ப் பார்த்தாள். எதையோ தட்டினாள், படித்தாள். பிறகு ஓடிவந்து ராக்காயியைக் கட்டிக்கொண்டாள்.

"மாறிருச்சு மாமி. பதினொண்ணுக்கு மாறிருச்சு."

"நல்லது. நல்லாயிரு" என்றாள் ராக்காயி.

மெல்ல அவளை விலக்கிவிட்டு எழுந்தாள். அடுப்படிப் பரணிலிருந்து ஓர் எவர்சில்வர் சட்டியை இறக்கினாள். அவளுடைய கல்யாணத்துக்கு வந்த சட்டி. நல்ல நாளுக்குத் தவிர எடுப்பதில்லை. முந்தானையால் துடைத்தாள். அதற்குள் ஒரு சுண்டு பச்சரிசியும் ஒரு துண்டு கருப்பட்டியும் பழைய துணியில் முடிந்து வைத்தாள். சாமிப் படத்தடியிலிருந்த சின்ன விளக்கையும் எடுத்துத் துணியில் சுற்றினாள். எல்லாவற்றையும் கொண்டுவந்து நிஷாந்தியின் முன்னால் வைத்தாள்.

"என்னா மாமி இது?"

"வெறுங்கையோட போகாத. போனதும் மொதல்ல இதுல பால் காய்ச்சு. பொங்கி வழியட்டும், தொடைக்காத. ஒங்கக்கா வீட்டுச் சட்டி வேணாம், அது கறி காய்ச்சுற சட்டி. ஜீவராசு படம் ஒனக்கு வேணும்னா எடுத்துக்க. வேணாம்னா இங்கயே இருக்கட்டும்."

"எங்க போறேன்?"

"பதினொண்ணுக்கு."

நிஷாந்தி சட்டியைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். மாமியைப் பார்த்தாள். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மூன்று நாள் மூஞ்சி, மூடிவைத்த சோறு, முக்காலியில் நின்ற கை, இரும்புப் பெட்டிக்கு முன்னால் கொடுத்த முதுகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு விளங்கியது.

"மாமி, பத்து பதினொண்ணுங்கிறது லயம் இல்ல. லேப்டாப்புக்குள்ள ஓடுறதோட பேரு. பழைய பத்த எடுத்துட்டு பதினொண்ணு போட்டேன். நாளைக்குப் பரீட்ச. வீட்டுலேருந்தே பாக்குற வேல. இந்தா, இந்த டிரங்குப் பொட்டி முன்னாடி ஒக்காந்து பாக்குற வேல. நான் எங்கயும் போகல."

ராக்காயி நம்பாமல் பார்த்தாள்.

"நெசமா மாமி. இது மட்டும் நடுவுல நின்னுருந்தா..." நிஷாந்தி சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, சொல்லிவிட்டாள். "நின்னுருந்தா நாளைக்குக் கொழும்புக்கு வர்றேன்னு சொல்லியிருப்பேன். வெள்ளவத்தையில சாரிக்கட வேல. அங்கயேதான் தங்கணும்."

ராக்காயி சுவரிலிருந்த கைப்பிடியைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். அதைக் கொண்டுபோய்ச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள், யாரோ பிடுங்க வந்ததுபோல. அப்போதுதான் அழுதாள். மூன்று நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. நிஷாந்தி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வானம் போகிற போக்கில் இன்னொருமுறை உறுமியது. ராக்காயி திடுக்கிட்டாள். இந்த முறை நிஷாந்திதான் எழுந்தாள். லேப்டாப்பை முறைப்படி அணைத்துவிட்டு, முக்காலியில் ஏறி மெயினை இறக்கினாள். லயம் இருண்டது. அடுத்த காம்பராவிலிருந்து வீரய்யாவின் குரல் வந்தது: "இப்பத்தானேக்கா வயரக் குத்தினேன்."

நிஷாந்தி குப்பிவிளக்கை ஏற்றினாள். எவர்சில்வர் சட்டியை அடுப்பில் வைத்து, வீட்டிலிருந்த கொஞ்சம் பாலை அதில் ஊற்றினாள். ராக்காயி முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்புக்கு விறகு தள்ளினாள். பால் ஓரத்தில் நுரை கட்டியபோது மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கிப் போனுல பழசுன்னு சொன்னியே. பழச வச்சிக்கிட்டு மாரடிக்கிறதுன்னு. அது என்னய இல்லயா?"

"ஐயோ மாமி. அது லேப்டாப்ப."

"அது ஜீவராசு ஒனக்காக ஹட்டன்ல அலைஞ்சி வாங்கினது" என்றாள் ராக்காயி. "அதையும் அப்படிச் சொல்லாத."

நிஷாந்தி தலையை ஆட்டினாள். பால் பொங்கி வழிந்தது. யாரும் துடைக்கவில்லை.